லாஸ்கோ நகல்தானே என்று விட்டுவிடாதீர்கள்: மோட்டார்ஹோமில் வெஸேர் பள்ளத்தாக்குக் குகைகள்

உங்கள் கேள்வி இது: செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து வருகிறீர்கள். பாரிஸில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து எட்டு நாள் தென்மேற்கு பிரான்ஸில், வெஸேர் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம், குகை ஓவியங்களையும் அருங்காட்சியகங்களையும் பார்க்கப் போகிறீர்கள். கூட வருவது கணவர், ஒன்பது வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, அசைவம் தொடமாட்டார். ‘லாஸ்கோ ஓவியக் குகையில் பார்க்கக் கிடைப்பது வெறும் நகல்தானாமே, அதற்காக 500 கிலோமீட்டர் போகணுமா? சொந்தமாக வண்டி இருப்பதால் முன்பதிவு செய்யாமல் போகிற போக்கில் குகைகளைப் பார்த்துக்கொள்ளலாமா?’

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியாது. நாங்கள் அப்படித்தான் முதல்முறை ஆகஸ்டில் போனோம். வீடே கூட வருகிறது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற மிதப்பு. ஃபோன்-த-கோம் குகை வாசலில் போய் நின்றால் அன்றைக்கு இடமில்லை, மறுநாளும் இல்லை. தவறு முழுக்க எங்களுடையது. மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு வருகிற நோய் இது: வண்டிக்கு இருக்கிற சுதந்திரம் குகைக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. அதனால் முதலில் குகைகளின் நாளையும் நேரத்தையும் இணையத்தில் பிடித்து வையுங்கள். எந்த ராத்திரி எங்கே தங்குவது என்பதை அதற்கேற்ப அப்புறம் முடிவு செய்யலாம். தங்குமிடம் எப்படியும் கிடைக்கும், குகைக்குள் இடம் கிடைக்காது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு லாஸ்கோவின் கதையே விடை. 1940 செப்டம்பர் 12 அன்று மோன்தின்யாக் ஊரில் பையன்கள் நான்கு பேர் ஒரு பொந்து வழியாக உள்ளே இறங்கினார்கள். அவர்களில் மூத்தவன் மார்செல் ரவிதா, 18 வயது மெக்கானிக். உள்ளே சுவர் முழுக்க காளைகள், குதிரைகள், மான்கள். ஓவியங்கள் ஏறத்தாழ 17,000 ஆண்டுக்கு முந்தியவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதற்கும் பழையவை என்று இப்போது சொல்பவர்களும் உண்டு. போர் முடிந்து 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1950-களின் நடுவில் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். ஒவ்வொருவரும் மூச்சில் கரியமில வாயுவையும் ஈரத்தையும் விடுகிறார்கள். போதாததற்கு உடம்புச் சூடு வேறு. ஓர் ஆள் நிற்பது நூறு வாட் பல்பு ஒன்றை ஏற்றி வைத்தது போல. குகைக்குள் போட்டிருந்த விளக்குகளின் ஒளியில் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. வாயுவும் ஈரமும் சேர்ந்து ஓவியத்தின் மேல் வெள்ளைச் சுண்ணப் படலம் படியத் தொடங்கியது. 1963-இல் அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். மூடிய பிறகும் 2001-இல் உள்ளே பூஞ்சை கிளம்பியது. மற்ற குகைகளில் ‘நாளைக்கு இத்தனை பேர்தான்’ என்று எண்ணி விடுவது இந்த அடியிலிருந்து கற்ற பாடம்.

சரி, நகல் விஷயத்துக்கு வருவோம். அசலைப் பார்க்க முடியாதபோது நகல் எதற்கு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. இப்போது யார் கேட்டாலும் நகலைத்தான் முதலில் பாருங்கள் என்கிறேன். அசல் குகைகளில் வெளிச்சம் குறைவு, நேரம் குறைவு. கோடுகள் பாறையின் விரிசலோடும் கறையோடும் கலந்து கிடக்கும். பழக்கமில்லாத கண்ணுக்குக் காட்டெருமை தெரியாது, அழுக்குதான் தெரியும். வழிகாட்டி ‘இதோ முதுகு, இதோ கொம்பு’ என்று காட்டி முடிப்பதற்குள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நகலில் கண் பழகிவிட்டால் அசலில் தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் பயணத்தில் நாங்கள் வரிசையை மாற்றிச் செய்தோம். அசல் பாதி புரியவில்லை, நகலுக்குப் போனபோது ‘அட, அங்கே பார்த்தது இதுதானா’ என்று தலையில் அடித்துக்கொண்டோம்.

மோன்தின்யாக்கில் இப்போது நீங்கள் பார்க்கப்போவது லாஸ்கோ 4. 2016 டிசம்பரில் திறந்தார்கள். ஸ்னொஹெட்டா என்ற நார்வே கட்டட நிறுவனத்தின் வடிவமைப்பு. குன்றின் அடிவாரத்தில் பாதி புதைந்தது போலக் கிடக்கும் நீளமான கட்டடம். குகையின் பெரும்பகுதியை அசல் அளவிலேயே செய்திருக்கிறார்கள், உள்ளே குளிர்ச்சியும் குகை மாதிரியே. மேடுபள்ளம் இல்லாத நடை, சக்கர நாற்காலியும் போகும். அம்மாவுக்கு எட்டு நாளில் மிகச் சுலபமான இடம் இதுதான். குழுவாக வழிகாட்டியோடு போவீர்கள். ஆங்கிலக் குழுவின் நேரத்தைப் பார்த்து எடுங்கள்.

காளைகள் கூடத்தில் ஒரு காளை 5 மீட்டருக்கு மேல் நீளம், நம் வண்டியின் நீளத்தில் முக்கால்வாசி. அதைப் பார்த்து வாய் பிளந்து முடித்ததும் மகளிடம் ஒரு விளையாட்டு சொல்லுங்கள்: கலைமான் (ரெயின்டீர் என்கிற பனிப்பிரதேச மான்) எத்தனை இருக்கிறது என்று தேடட்டும். குகையில் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால் அந்த மக்கள் பெரும்பாலும் தின்றது கலைமான். சுவரிலோ அநேகமாக ஒன்றே ஒன்றுதான். சாப்பிட்டது ஒன்று, வரைந்தது வேறு. வேட்டை பலிக்க வேண்டும் என்று மந்திரத்துக்காக வரைந்தார்கள் என்ற பழைய விளக்கம் இந்த இடத்தில் தடுமாறுகிறது.

பழைய நகலான லாஸ்கோ 2 அசல் குகையிலிருந்து 200 மீட்டர் தள்ளி 1983-இல் திறந்தது. மோனிக் பெய்த்ரல் என்ற ஓவியர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்து, இரும்புக் காவி, மாங்கனீசுக் கருப்பு என்று அதே மாதிரி இயற்கை நிறங்களால் வரைந்தது. இரண்டில் ஒன்று போதும். அம்மா வருவதால் லாஸ்கோ 4-ஏ இருக்கட்டும்.

நகலுக்கும் முன்னால் ஒரு அரைநாளை லெஸேஸி ஊரிலுள்ள தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் (ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விதிவிலக்கு), நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றின் பாறைச் சரிவில் ஒரு பழைய கோட்டை. அதில் தெனி பெய்ரோனி என்ற தொல்லியலாளர் தொடங்கிய அருங்காட்சியகம் அது. 2004-இல் பக்கத்தில் புதிய கட்டடம் வந்தது. மேல்தளத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஓர் ஆதிமனிதன் சிலை நிற்கும்; பொல் தார்தே 1931-இல் செய்தது. இன்றைய ஆய்வு சொல்கிற மனிதனுக்கும் அந்தச் சிலைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மகள் அங்கேதான் படம் எடுக்கச் சொல்லுவாள்.

உள்ளே கல்லாயுதங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் முப்பதாவது கல்லில் எல்லோருக்கும் கொட்டாவி வரும். அதை வேகமாகத் தாண்டி, கலைமான் கொம்பில் செதுக்கிய சின்னக் காட்டெருமை ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் நில்லுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். தலையைப் பின்னால் திருப்பித் தன் விலாவை நக்குகிறது. நாக்கு, முடி, கண் எல்லாம் துல்லியம். கொம்புத் துண்டின் அகலத்துக்குள் உருவம் அடங்க வேண்டும் என்றுதான் செதுக்கியவர் தலையைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் பார்த்தால் மாடு தானாகத் திரும்பிய மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பொருள்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்ப்பேன்.

அந்தக் காட்டெருமை கிடைத்த லா மத்லேன் பாறைக்குடிலின் பெயரால்தான் ‘மக்தலேனியன்’ என்று ஒரு பண்பாட்டுக் காலத்தையே அழைக்கிறோம். நியாண்டர்தால்களின் ‘முஸ்தேரியன்’ கல்லாயுதங்கள் பக்கத்து ஊரான லெ முஸ்தியேயின் பெயர். ஐரோப்பாவின் பழைய நவீன மனிதர்களான க்ரோ-மாக்னோன் மனிதனின் எலும்புகள் 1868-இல் கிடைத்த இடம் லெஸேஸி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நெட்டுரு போட்ட பெயர்கள் சாலையோரத்தில் ஊர்ப் பலகையாக வந்து நிற்கும். நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: லார்தே, கிறிஸ்டி என்ற இருவர் இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கிய அதே 1863-இல்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். சென்னையிலிருந்து கிளம்பும்போது விமான நிலையத்துக்குப் பல்லாவரம் வழியாகப் போவீர்களானால் மகளுக்கு அங்கேயே கதையைத் தொடங்கலாம்.

அசல் குகைகளில் உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது ரூஃபின்யாக். காரணம் எளியது, உள்ளே மின்சார ரயில் ஓடுகிறது. மொத்தம் 8 கிலோமீட்டர் நீளமுள்ள குகை. அம்மா உட்கார்ந்தபடியே போகலாம், ஓவியம் உள்ள இடங்களில் ரயில் நிற்கும். ‘நூறு மாமத்துகளின் (அழிந்துபோன முடி யானைகளின்) குகை’ என்று பெயர்; எண்ணிக்கை உண்மையில் நூற்றைம்பதைத் தாண்டும். நான் போனபோது சீட்டை அன்றன்றைக்கு வாசலிலேயே கொடுத்தார்கள். கோடையில் காலை சீக்கிரம் போகவேண்டும், செப்டம்பர் கடைசியில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, பக்கச் சுவர்களில் நீளநீளமான கீறல்களும் தரையில் வட்டக் குழிகளும். குகைக் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குப் படுத்த இடங்கள் அவை. மனிதர் வருவதற்கு வெகுமுன்னே. இரண்டாவது, ரயில் கடைசியில் நிற்கும் பெரிய கூரை. மாமத்து, குதிரை, காட்டெருமை, காட்டாடு, காண்டாமிருகம் என அறுபதுக்கு மேற்பட்ட விலங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக. நீங்கள் நின்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பீர்கள், ஏனென்றால் பார்வையாளர்களுக்காகத் தரையைத் தோண்டி இறக்கிவிட்டார்கள். வரைந்த காலத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இடைவெளி. மல்லாந்து படுத்துக்கொண்டு, கைக்கு எட்டிய தூரத்தில் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர் தன் விலங்கை முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் விகிதம் பிசகவில்லை.

அதே கூரையில் 18, 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் விளக்குப் புகையால் எழுதிவைத்த பெயர்களும் தேதிகளும் இருக்கும். நம் ஊர்க் கோட்டைகளில் கரிக்கட்டையால் காதலர் பெயர் எழுதுகிறார்களே, அதே சமாசாரம். இதனாலேயே 1956-இல் ஓவியங்களை அறிவித்தபோது ‘யாரோ அண்மையில் வரைந்த போலி’ என்று பெரிய சண்டை நடந்தது. 1575-இலேயே ஒருவர் இந்தக் குகையின் ஓவியங்களைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது அசல் பக்கத்துச் சாட்சி. மகளிடம் சொல்ல இன்னொன்று: இந்தக் குகையின் மென்மையான சுவரில் விரலால் கோடிழுத்த தடங்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அவற்றில் சில சின்னக் குழந்தைகளின் விரல்கள் என்று கண்டிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகூட வந்திருக்கிறது.

ஃபோன்-த-கோம் லெஸேஸியின் விளிம்பிலேயே இருக்கிறது. 1901 செப்டம்பரில் பெய்ரோனி கண்டறிந்தது. பல வண்ண ஓவியங்களை அசலாகவே பொதுமக்கள் பார்க்க முடிகிற குகை பிரான்ஸில் இது ஒன்றுதான் மிச்சம். சின்னக் குழுக்கள், முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்திலிருந்து குகை வாசலுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் மேட்டில் ஏற வேண்டும். உள்ளே ரூபிகான் என்று பெயர் வைத்த ஓர் இடுக்கில் பக்கவாட்டில் நுழைய வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம். நீங்களும் கணவரும் மகளும் மூவருமாகப் போக ஆசைப்பட்டால் அம்மா வண்டியில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருக்கலாம். மோட்டார்ஹோமுக்கு இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை. உள்ளே வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துவார்; வெறும் பாறைப் புடைப்பாக இருந்தது காட்டெருமையின் தோளாக எழும்பும். ஒரு கலைமான் எதிரில் மண்டியிட்ட இன்னொன்றின் நெற்றியை நக்குகிற ஓவியம் மங்கித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள கோம்பரெல் வண்ணமில்லாத செதுக்கல்கள் நிறைந்த குறுகலான சுரங்கம். மூடிய இடத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

எட்டு நாளில் நேரம் மிஞ்சினால் தெற்கே லோத் மாவட்டப் பக்கம் இறங்கலாம். கப்ரெரே ஊரின் பெஷ்-மெர்ல் குகையை 1922-இல் இரண்டு பதின்வயதுப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். நாளைக்கு 700 பேர்தான். ஏறத்தாழ 29,000 ஆண்டுக்கு முந்திய புள்ளிக் குதிரைகள் இரண்டு அங்கே உண்டு. வலது குதிரையின் தலை, பாறையின் விளிம்பே குதிரை முகமாக அமைந்த இடத்தில் வரைந்தது. அவ்வளவு புள்ளி போட்ட குதிரை கற்பனை என்றுதான் பலர் நினைத்தார்கள். அந்தக் காலக் குதிரைகளிலும் புள்ளித் தோலுக்கான மரபணு இருந்தது என்று 2011-இல் பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து காட்டினார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கலாம். நிறத்தை வாயில் வைத்துத் துப்பி வரைந்திருப்பார்கள் என்று மிஷெல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் தானே துப்பி வரைந்து காட்டியிருக்கிறார். இங்கே படிகள் உண்டு.

பதிராக் வேறு ரகம். ஓவியம் கிடையாது. நிலத்தில் 75 மீட்டர் ஆழத்துக்கு வாய் பிளந்த பள்ளம், அடியில் ஆறு, ஆற்றில் படகு. 1889-இல் மார்தெல் என்பவர் முதலில் இறங்கி ஆராய்ந்தார். மகளுக்கு எட்டு நாளில் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும், வருத்தப்படாதீர்கள். இறங்க லிஃப்ட் இருந்தாலும் படகை விட்டதும் படிகள் நிறைய. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு குகைதான். இரண்டு பார்த்தால் ராத்திரி எது எந்தக் குகையில் என்று குழம்பிவிடும். எல்லாக் குகையிலும் வெப்பம் 12, 13 டிகிரிதான். வெளியே 25 டிகிரி வெயிலில் நிற்கும்போது ஸ்வெட்டர் எடுக்கத் தோன்றாது, எடுங்கள். ஓவியக் குகைகளில் படம் எடுக்க விடமாட்டார்கள்.

இனி வண்டி. 3.5 டன்னுக்குள் உள்ளதை எடுத்தால் சாதாரண கார் உரிமம் போதும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். பல கடைகளின் பார்க்கிங்கில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருக்கும், அதைப் பார்த்து கடைசி நொடியில் பிரேக் போட்டவன் சொல்கிறேன். உயரம் 3 மீட்டருக்குள் இருந்தால் நெடுஞ்சாலைச் சுங்கத்தில் இரண்டாம் வகுப்பு, தாண்டினால் மூன்றாம் வகுப்பு, கட்டணம் கூடும். பாரிஸிலிருந்து வரும்போது ஏ20 நெடுஞ்சாலையில் வியெர்ஸோனிலிருந்து பிரீவ் வரை சுங்கமே இல்லை. கப்ரெரே பக்கம் பாறை சாலைக்கு மேல் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டாதவர் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே வரட்டும்.

இரவு தங்க ‘ஏர்’ தேடுங்கள். நம்ம ஊர் ஏர் இல்லை. மோட்டார்ஹோம் நிறுத்த ஊராட்சியே ஒதுக்கும் இடத்துக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். வெஸேர் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் உண்டு. தண்ணீர் பிடிக்கலாம், கழிவுநீரும் கழிப்பறைத் தொட்டியும் காலி செய்யலாம். சாதாரண பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்வது வேறு, வெளியே நாற்காலி போட்டுப் பந்தல் விரிப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் முகாம் போட்டதாகக் கணக்கு. ஃபிரான்ஸ் பாஸியோன் என்று 1993-லிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. ஆண்டுச் சந்தா கட்டி ஸ்டிக்கர் வாங்கினால் விவசாயிகளின் தோட்டத்தில் ஓர் இரவு இலவசமாக நிறுத்தலாம். வெஸேர் பள்ளத்தாக்கு இருக்கிற தொர்தோன் மாவட்டத்தில் அக்ரூட் தோட்டத்துக்காரர்கள் சிலர் இதில் இருக்கிறார்கள். ஒரு மரியாதைக்கு அக்ரூட் எண்ணெய் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். உணவகங்களில் வாத்துதான் ராஜா, சைவத்துக்குத் திண்டாட்டம். ஆனால் வண்டியில் காஸ் அடுப்பு இருக்கும். மிக்ஸி, மின்சாரக் குக்கர் எல்லாம் வெளி இணைப்பு இல்லாத இடத்தில் வேலை செய்யாது, விட்டுவிட்டு வாருங்கள். பொடி வகைகளும் சின்னப் பிரஷர் குக்கரும் எடுத்துவந்தால் போதும். ஆனால் விவசாயி தோட்டத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு விசில் விட்டால் நாய் குரைக்கும், விளக்கு எரியும், ஆள் எட்டிப் பார்ப்பார். எங்களுக்கு அது நடந்தது. அன்றைக்கு அவருக்கும் ஒரு தட்டு சாம்பார் சாதம் போய்ச் சேர்ந்தது.